போர்வீரராக இருந்த ஓவியரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? ஓட்டோ டிக்ஸை முன்வைத்து ஒரு வழிகாட்டி

போருக்குப் போய்த் திரும்பிய ஓவியர் ஒருவரைப் பற்றி எழுத உட்காருபவருக்கு ஒரு கதை முன்கூட்டியே தயாராக இருக்கிறது. இளமை வேகத்தில் படையில் சேர்ந்தார், களத்தில் கொடுமையைக் கண்டார், மனம் மாறினார், அதன் பிறகு போருக்கு எதிராக வரைந்தார் என்பதே அந்தக் கதை. வாசகருக்கு அது பிடிக்கும், எழுதுபவருக்கோ சுலபம். ஆனால் உண்மையான வாழ்க்கைகள் இந்த வரிசையில் நடப்பது அரிது. அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டாக, முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் இருந்த ஓட்டோ டிக்ஸை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றிய சான்றுகள் ஏராளமாக இருப்பதால், எந்த இடத்தில் கவனம் தேவை என்பதைக் காட்டுவது எளிது.

இந்த வேலைக்கு அடிப்படையாக ஒன்றைச் செய்ய வேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்து வருபவைதான். ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து, பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நிகழ்ச்சி நடந்த காலம், இரண்டாவதில் அதைப் படமாக வரைந்த காலம், மூன்றாவதில் அதைப் பற்றி ஓவியர் வாய் திறந்து பேசிய காலம். கையில் கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் இந்த மூன்றில் ஒன்றில்தான் எழுத வேண்டும். டிக்ஸின் விஷயத்தில் முதல் பத்தி 1915 முதல் 1918 வரை நிரம்பும், இரண்டாவது 1914 தொடங்கி 1930களின் நடுப்பகுதி வரை நீளும், மூன்றாவதில் பெரும்பகுதி 1960களுக்கு உரியதாக இருக்கும். எழுபது வயதை எட்டிய முதியவர் சொன்னதை எடுத்து, இருபத்து நான்கு வயது இளைஞனின் மனநிலையாக எழுதிவிடுவது இத்தகைய வரலாறுகளில் அடிக்கடி நேரும் பிழை. இந்த நோட்டு அதைத் தடுக்கும்.

முதலில் போருக்கு முந்தைய வாழ்க்கை. இதை நீட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஆனாலும் பின்னால் பயன்படும் செய்திகளை விட்டுவிடக் கூடாது. டிக்ஸ் 1891 டிசம்பர் 2 அன்று கேரா நகரை ஒட்டிய உன்டெர்ம்ஹவுஸில் பிறந்தார். தந்தை இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளி. தாய் தையல் வேலை செய்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1906இல் சுவர் அலங்கார ஓவியர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார். 1910இல் ட்ரெஸ்டன் நகரின் கைவினைக் கலைப் பள்ளிக்குச் சென்றார். அவர் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, சாயம் கலக்கவும் பரப்பைத் தயார் செய்யவும் கைத்தொழிலாகக் கற்றவர் என்பது, பிற்காலத்தில் மரப்பலகையில் பழங்கால முறைப்படி அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றியவராக அவரைச் சந்திக்கும்போது பொருள் பெறும். இளம் வயதில் நீட்ஷேயை ஆழ்ந்து படித்தார் என்பதையும், போருக்கு முன்பே அந்தத் தத்துவ அறிஞரின் மார்பளவுச் சிலையைச் செய்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையின் கொடிய பக்கத்தையும் கண்ணைத் திருப்பாமல் பார்க்க வேண்டும் என்ற எண்ணம், களத்துக்குப் போவதற்கு முன்பே அவரிடம் இருந்ததற்கான சான்று அது.

அடுத்து படைவாழ்க்கை. இங்கேதான் கலை விமர்சகர்கள் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள்; "போரில் பணியாற்றினார்" என்ற இரண்டே சொற்களில் நான்கு ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறார்கள். எந்தப் பிரிவில், எந்த ஆயுதத்தோடு, எந்தப் போர்முனையில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடாமல் படங்களுக்குள் போகக் கூடாது. டிக்ஸ் முதலில் பீரங்கிப் படையில் பயிற்சி பெற்றார். பின்னர் இயந்திரத் துப்பாக்கிப் பயிற்சி பெற்று, 1915 இலையுதிர் காலத்தில் மேற்குப் போர்முனைக்குச் சென்றார். பிரான்சின் ஷாம்பேன், ஆர்ட்வா பகுதிகளிலும், 1916இல் சோம் நதிப் போரிலும் இருந்தார். சில காலம் கிழக்குப் போர்முனையிலும், 1918இல் மீண்டும் மேற்கிலும் பணியாற்றினார். இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை விருது பெற்றார். 1918 ஆகஸ்டில் கழுத்தில் காயம்பட்டது. அதன் பிறகு விமானிப் பயிற்சியில் சேர்ந்தார் என்ற செய்தியை மட்டும் நோட்டில் அடிக்கோடிட்டு வையுங்கள். காயம்பட்டவர் போரை வெறுத்து ஒதுங்கினார் என்று எழுதத் துடிக்கும் கையை நிறுத்துவதற்கு அந்த ஒரு வரி போதும்.

ஆயுதம் எது என்பது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். இயந்திரத் துப்பாக்கியை இயக்குபவர் மறைவிடத்தில் அமர்ந்து, முன்னால் வருபவர்களைக் கூட்டமாக வீழ்த்துபவர். அதே காரணத்தால் எதிரியின் பீரங்கி முதலில் குறிவைப்பதும் அவரிருக்கும் இடத்தைத்தான். ஆக, டிக்ஸ் போரைப் பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி என்று மட்டும் எழுதினால் பாதி உண்மையே எழுதியவர் ஆவீர்கள். அவர் கொல்லும் வேலையைச் செய்தவர். இதைக் குற்றச்சாட்டாக எழுத வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது. போரின்போது அரசு நியமித்துக் களத்துக்கு அனுப்பிய ஓவியர்கள் வேறு வகையினர். அவர்களுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டை வாசகருக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

போர்க்காலத்தில் வரைந்த படங்களைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். பதுங்குகுழியில் இருந்தபடியே அவர் சில நூறு படங்கள் வரைந்தார். கரியும் சுண்ணக்கோலும் வண்ணமும் கிடைத்த தாளில் எல்லாம் பதிந்தன. ட்ரெஸ்டனில் இருந்த ஹெலேனே யாகோப் என்ற பெண்ணுக்கு அனுப்பிய களத்து அஞ்சலட்டைகளின் பின்புறத்திலும் வரைந்தார். இவற்றில் பிணங்களும் அழுகலும் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். குண்டு விழுந்த பள்ளம் பூவைப் போல விரிகிறது, வெடிப்பின் ஒளி கூரிய கோணங்களாகச் சிதறுகிறது, நிலம் அலை போலப் புரள்கிறது. வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய இத்தாலிய எதிர்காலவாதிகளிடமும், உருவங்களைக் கோணத் துண்டுகளாக உடைத்து வரைந்த கனசதுரவாதிகளிடமும் கற்ற வேகம் அந்தக் கோடுகளில் ஓடுகிறது. 1914இல் வரைந்த போர்வீரர் கோலத் தன்னுருவப் படம் சிவப்பும் கறுப்புமாக, மழித்த தலையும் தடித்த கழுத்துமாக முறைக்கிறது. அதே தாளின் மறுபுறத்தில் பீரங்கிப் படைத் தலைக்கவசம் அணிந்த இன்னொரு தன்னுருவம் இருக்கிறது. அடுத்த ஆண்டில் தன்னைப் போர்த் தெய்வமான மார்ஸாக வரைந்தார், துப்பாக்கிப் பயிற்சிக்கான இலக்காகவும் வரைந்தார். கொல்பவரும் தானே, குறிவைக்கப்படுபவரும் தானே என்று ஓராண்டுக்குள் இரு படங்களில் காட்டியவரை ஆதரவாளர், எதிர்ப்பாளர் என்ற பெட்டிகளில் அடைக்க முடியாது.

அவருடைய போர் நாட்குறிப்பில் ஒரு பட்டியல் உண்டு. பேன், எலி, முள்கம்பி, குண்டு, பிணம், சாராயம், நச்சுவாயு, சேறு என்று அடுக்கிக்கொண்டே போய், இதுதான் போர், எல்லாம் சைத்தானின் வேலை என்று முடியும். கட்டுரை எழுதுபவர்கள் எல்லாரும் எடுத்தாளும் பகுதி இது. எடுத்தாளலாம், தவறில்லை, ஆனால் அதே காலத்துப் படங்களில் அந்தப் பட்டியலில் உள்ள பேனும் எலியும் எவ்வளவு அரிதாக வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கண் அன்றே பார்த்துவிட்டது, கை அதை வரைய ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

அந்த இடைவெளியை விளக்குவதுதான் இந்த வரலாற்றின் மையப்பகுதி. கட்டுரையில் மூன்றில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்குங்கள். 1920இல் டிக்ஸ் போர் ஊனமுற்றோரை வைத்து நான்கு ஓவியங்கள் வரைந்தார். அவற்றுள் சீட்டாடுபவர்களைக் காட்டும் ஓவியம் இன்று பெர்லின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதும்போது இப்படி ஒரு படத்தையாவது வாசகரின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்ட வேண்டும். விளக்கடியில் மூவர் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் கால் விரல்களில் சீட்டைப் பிடித்திருக்கிறார். ஒருவருடைய காதிலிருந்து ஒரு குழாய் இறங்கி மேசைவரை வருகிறது. இன்னொருவர் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாதவராக இருந்தும் மார்பில் இரும்புச் சிலுவை அணிந்திருக்கிறார். அவர்களின் கையிலுள்ள சீட்டுகள் உண்மையான விளையாட்டுச் சீட்டுகள், சுவரில் தொங்குபவை உண்மையான செய்தித்தாள்கள், எல்லாம் ஒட்டப்பட்டவை. ஒரு செயற்கைத் தாடையின் மேல், வணிகப் பொருளுக்கு முத்திரையிடுவதுபோல, இது டிக்ஸ் தயாரிப்பு என்ற வாசகமும் அவருடைய சிறு படமும் இருக்கின்றன. உடைந்த உடலுக்கு உறுப்பு செய்து விற்கும் வியாபாரத்தையும், அந்த உடலை வரைந்து விற்கும் தன்னையும் ஒரே முத்திரையில் கேலி செய்கிறார். இரக்கம் என்ற சொல்லை இந்தப் படத்தின்மீது ஒட்டுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அந்தச் சிரிப்பில் கருணை குறைவு.

அடுத்து 1924இல் வந்த 'போர்' என்ற அச்சோவியத் தொடர். ஐம்பது படங்கள், பத்துப் பத்தாக ஐந்து தொகுப்புகள். பெர்லினில் கார்ல் நீரன்டார்ஃப் எழுபது பிரதிகள் வெளியிட்டார். இங்கே தொழில்நுட்பத்தைச் சொல்லாமல் கருத்தை மட்டும் சொன்னால் கட்டுரை அந்தரத்தில் நிற்கும். செப்புத் தகட்டின்மீது அமிலம் தாங்கும் பூச்சைத் தடவி, ஊசியால் அதைக் கீறி, தகட்டை அமிலத்தில் முக்கினால் கீறிய கோடுகள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் மை நின்று தாளில் பதியும். பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கி அரிக்கவிட்டால் கோட்டுக்குப் பதிலாகப் புள்ளி புள்ளியான சாம்பல் நிழல் கிடைக்கும். அதற்கு அக்வாடின்ட் என்று பெயர். டிக்ஸ் அமிலத்தை வேண்டுமென்றே அளவுக்கு மேல் தின்னவிட்டார். அதனால் இறந்தவர்களின் தோல், சேறு, சுவர் எல்லாமே ஒன்றுபோலப் பொத்தல் விட்டு உதிர்கின்றன. தகடு அரிக்கப்பட்ட விதமே படத்தின் பொருளாகிறது என்பதை வாசகர் உணர வேண்டுமானால் செய்முறையை இந்த அளவுக்காவது விளக்கியாக வேண்டும்.

பன்னிரண்டாவது படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நச்சுவாயுவுக்கு இடையே தாக்குதல் படையினர் முன்னேறுகிறார்கள். ஐந்து முகமூடிகள் வெளுத்துத் தெரிகின்றன, கண்ணிருக்க வேண்டிய இடத்தில் கரிய வட்டங்கள். ஒரு கை கையெறிகுண்டைப் பற்றியிருக்கிறது. இங்கே நாம் படையினரின் பக்கத்தில் நிற்கவில்லை; அவர்கள் யாரை நோக்கி வருகிறார்களோ அவர்களின் பதுங்குகுழியில் நிற்கிறோம். ஜெர்மானியப் படையில் இருந்தவர் ஜெர்மானியப் படையை எதிரியின் கண்ணால் வரைந்திருக்கிறார். இத்தகைய ஒரு கவனிப்பு, போரின் கொடுமை பற்றிய பொதுவான பத்து வாக்கியங்களை விட வாசகரிடம் அதிகம் பேசும்.

இந்தத் தொடர் நினைவிலிருந்து மட்டும் பிறந்தது என்று எழுதிவிட வேண்டாம். பல படங்களின் தலைப்பிலேயே இடமும் காலமும் இருக்கின்றன. காயம்பட்டவரைக் காட்டும் ஆறாவது படத்தில் 1916 இலையுதிர் காலம், பபோம் (பிரான்சில் உள்ள ஓர் ஊர்) என்று குறிப்பு உண்டு. அது உங்கள் நோட்டின் முதல் பத்திக்கு உரியது. தகடு அரிக்கப்பட்டதோ எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த இடைவெளியில் டிக்ஸ் என்னென்ன பார்த்தார் என்று தேடுங்கள். இத்தாலிக்குப் போய், பலேர்மோ நகரின் நிலவறைகளில் பாடம் செய்து வைக்கப்பட்ட உடல்களைப் பார்த்து வரைந்தார். போர்க்காலப் புகைப்படங்களைப் பயன்படுத்தினார். ஸ்பானிய ஓவியர் கோயா 1810களில் செய்த போர் அச்சோவியங்கள் கண்முன் இருந்தன. அவையும் ஓவியர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 1863இல்தான் வெளிவந்தன என்பது, காலங்களைப் பிரித்து வைக்கும் நம் முறைக்குக் கூடுதல் சான்று. போர்வீரரின் நினைவு, பிணவறையில் செய்த பயிற்சி, முன்னோடியின் படம் ஆகிய மூன்றும் ஒரே தகட்டில் கூடியிருப்பதால், இதைக் கண்ணால் கண்ட சாட்சியம் என்று மட்டும் அழைப்பது ஓவியரின் உழைப்பைக் குறைப்பதாகும்.

பதிப்பாளரின் நோக்கத்தையும் ஓவியரின் நோக்கத்தையும் வேறுபடுத்துவது அடுத்த வேலை. போர் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நிறைந்த 1924இல், போர் எதிர்ப்பு இயக்கம் வலுவாக இருந்த சூழலில், நீரன்டார்ஃப் இத்தொடரை அந்த உணர்வோடு சேர்த்தே மக்களிடம் கொண்டுசென்றார். இருபத்து நான்கு படங்கள் கொண்ட மலிவுப் பதிப்பு ஒன்றும் பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்ரி பார்பூசின் முன்னுரையோடு வந்தது. போர்வீரன் கன்னியாஸ்திரீயை வன்முறைக்கு உள்ளாக்கும் படம் ஒன்று தொகுப்பில் சேர்க்கப்படாமல் விடப்பட்டது. எழுபது பிரதிகளும் விற்றுத் தீர்ந்தனவா என்றால், இல்லை. வாங்கியவர்கள் மிகச் சிலரே. இந்தச் செய்திகள் ஓவியரின் புகழைக் குறைப்பவை என்று கருதி விட்டுவிடுபவர்கள் உண்டு. ஒரு படைப்பு எப்படிச் சந்தைக்கு வந்தது, எதை விட்டுவிட்டு வந்தது என்பதும் வாழ்க்கை வரலாறுதான்.

காணாமல் போன படங்களை எழுதுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். 1923இல் முடிந்த 'பதுங்குகுழி' என்ற பெரிய ஓவியத்தைக் கொலோன் நகர அருங்காட்சியகம் வாங்கியது. எதிர்ப்பு கிளம்பியதால் திரைச்சீலைக்குப் பின்னால் தொங்கவிடப்பட்டது. அப்போது நகர மேயராக இருந்தவர் பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலரான கொன்ராட் அடனாவர். இறுதியில் ஓவியம் திருப்பி அனுப்பப்பட்டது. பின்பு ட்ரெஸ்டன் வாங்கியது. 1937இல் நாஜிகள் அதை மியூனிக் நகரின் 'சீரழிந்த கலை' கண்காட்சியில் இழிவுபடுத்தக் காட்டினார்கள். இன்று நமக்கு மிஞ்சியிருப்பது கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களே. ஆகவே அதன் வண்ணங்களை நீங்களே பார்த்ததுபோல வருணிக்கக் கூடாது. அந்நாளில் நேரில் பார்த்தவர்கள் எழுதியதை அவர்கள் சொன்னதாகவே தர வேண்டும்.

பல கட்டுரைகள் 1924ஓடு அல்லது 1932இல் முடிந்த, பலகைகளைப் பக்கம் பக்கமாக இணைத்த பெரிய போர் ஓவியத்தோடு நின்றுவிடுகின்றன. ட்ரெஸ்டனில் உள்ள அந்தப் பலகை ஓவியத்தில், வலப்புறத்தில் காயம்பட்டவரை இழுத்துக்கொண்டு வருபவரின் முகம் டிக்ஸின் முகம். 1915இல் மார்ஸாக வரைந்த அதே முகத்தோடு இதை வைத்துப் பார்த்தால் இடைப்பட்ட ஆண்டுகளின் தொலைவு புலப்படும். ஆனால் வாழ்க்கை அங்கே முடியவில்லை. 1933 ஏப்ரலில் நாஜி ஆட்சியில் ட்ரெஸ்டன் கலைக் கழகத்தின் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மக்களின் ஒழுக்க உணர்வைப் புண்படுத்துவதும், நாட்டைக் காக்கும் உறுதியைக் குலைப்பதும் அவர்மீது சொல்லப்பட்ட காரணங்கள். இரும்புச் சிலுவை பெற்றவரைப் பார்த்து இதைச் சொன்னார்கள். ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 260 அளவிலான படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1936இல் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஹெம்மன்ஹோஃபன் என்ற சிற்றூரில் குடியேறி, நிலக்காட்சிகளை வரைந்தார். இந்த நிலக்காட்சிகளைப் பின்வாங்கல் என்று ஒதுக்கிவிட்டுப் போகும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. முன்பு குண்டு கிழித்த நிலத்தை வரைந்தவர் இப்போது பனி மூடிய நிலத்தை வரைகிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது. 1939 நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லர்மீது நடந்த கொலை முயற்சியை அடுத்துக் கைதாகிச் சில நாட்கள் காவலில் இருந்தார். 1945இல், ஐம்பத்து மூன்று வயதில், முதியோரையும் சிறுவரையும் திரட்டிய மக்கள் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, பிரெஞ்சுப் படையிடம் சிறைப்பட்டுக் கோல்மார் முகாமில் இருந்தார். முகாமின் சிற்றாலயத்துக்காக முள்கம்பிக்கு முன் அமர்ந்த மரியாளை வரைந்தார். 1946இல் விடுதலையாகி, 1969 ஜூலை 25 அன்று சிங்கன் நகரில் இறந்தார். போர்வீரர் என்ற சொல் அவருடைய வாழ்க்கையில் இரண்டு முறை வருகிறது, இரண்டாம் முறை அவர் கேட்காமலே.

நோட்டின் மூன்றாவது பத்தியைக் கடைசியாகத் திறவுங்கள். 1960களின் பேட்டிகளில் டிக்ஸ், போர் கொடியது என்றாலும் அதில் ஏதோ மாபெரும் தன்மை இருந்தது என்றும், எப்படியும் அதைத் தவறவிட விரும்பவில்லை என்றும், பக்கத்தில் இருப்பவர் திடீரெனச் சாய்ந்து சாவதையும் தாமே அனுபவித்து அறிய வேண்டியிருந்தது என்றும் பேசினார். இடிந்த வீடுகளுக்குள் குறுகிய வழிகளில் ஊர்ந்து செல்லும் கனவு பல ஆண்டுகள் தம்மைத் துரத்தியதையும் சொன்னார். இவற்றை அவருடைய இளமைக்கான விளக்கமாக முன்பகுதியில் நுழைக்காமல், 1960களில் சொன்னவையாக, சொன்ன இடத்திலேயே வையுங்கள். முதியவர் தம் இளமையை நினைத்துப் பேசுவதும் அந்த வாழ்க்கையின் ஒரு நிகழ்ச்சிதான்.

எழுதி முடித்ததும் சில நடைமுறை வேலைகள் எஞ்சும். பெயர்களை அவரவர் மொழியில் ஒலிப்பதற்கு நெருக்கமாக எழுதி, கட்டுரை முழுவதும் ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். 'போர்' தொடர் முழுவதையும் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் படம் படமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மற்றவர்களின் வருணனையை நம்பி எழுதாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரைந்த ஆண்டு, ஊடகம், இப்போது இருக்கும் இடம் மூன்றையும் குறிப்பிடுங்கள். டிக்ஸ் 1969இல் இறந்ததால், ஓவியர் இறந்து அறுபது ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும் இந்தியச் சட்டப்படி 2029 இறுதிவரையும், எழுபது ஆண்டுகள் நீடிக்கும் ஜெர்மனியில் 2039 இறுதிவரையும் அவருடைய படங்களுக்கு உரிமை உண்டு. அதுவரை படத்தைப் பதிவேற்றுவதற்கு முன் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள்; கிடைக்காவிட்டால் அருங்காட்சியகப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, உங்கள் வருணனையை இன்னும் கூர்மையாக்குங்கள்.